மகளின் கணக்கும் மில்லின் 40 மணித்தியாலமும்

மதிப்புக்குரிய ஐயா,

உயர்தர வர்த்தகப் பிரிவில் படிக்கும் உங்கள் மகள், பரந்தனில் நீங்கள் நடத்தும் அரைக்கும் மில்லில் மிளகாய்த்தூளைக் குறைத்து அரிசிமாவைக் கூட்டச் சொல்வதாகவும், கிலோவுக்கு 180 ரூபா மிஞ்சுவதை விட்டு 60 ரூபா மிஞ்சுவதைப் பிடிக்கச் சொல்லும் பிள்ளை கணக்கீட்டுத் துறைக்குப் போய் என்ன செய்யப்போகிறாள் என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தோடு வைத்திருந்த அவளுடைய தாளையும் பார்த்தேன். கணக்குச் சரி.

அவள் கிலோவை விட்டு மணித்தியாலத்தைப் பார்த்திருக்கிறாள். உங்களிடம் இருப்பது ஒரே மில். அது ஓடக்கூடியது வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்தில் மிளகாய் 10 கிலோதான் அரைபடுகிறது, மிஞ்சுவது 1,800 ரூபா. அரிசியோ 40 கிலோ அரைபடுகிறது, மிஞ்சுவது 2,400 ரூபா. வாரத்துக்கு அரிசிமா 1,000 கிலோவும் மிளகாய்த்தூள் 300 கிலோவும்தான் விலைப்படும் என்கிறீர்கள். அரிசிக்கு முதல் 25 மணித்தியாலத்தையும் மிச்சம் 15ஐ மிளகாய்க்கும் கொடுத்தால் 87,000 ரூபா வரும்; இப்போது செய்வதுபோல மிளகாய்க்கு 30, அரிசிக்கு 10 என்றால் 78,000தான். கட்டட வாடகையையும் கடன் தவணையையும் அவள் சேர்க்காதது மறதியன்று: எதை அரைத்தாலும் அவை மாறுவதில்லை. முகாமைக் கணக்கீட்டில் இந்த 40 மணித்தியாலத்துக்கு மட்டுப்படுத்தும் காரணி என்று பெயர்.

அவள் கவனியாத இடமும் ஒன்று உண்டு. மிளகாய் அரைத்த மில்லைத் துப்புரவாகக் கழுவாமல் அரிசி போட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும், அவளுடைய தாளுக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக வாங்கும் கடைக்காரர், தூள் கிடைக்காவிட்டால் மாவுக்கும் வேறிடம் போகலாம். இதையும் அவளுக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும்.

வறுக்கும் ஆட்களின் நேரமும் தட்டுப்பாடானால், மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்ற ஒற்றை அளவுகோல் போதாது. பல தட்டுப்பாடுகளுக்குள் கூடிய இலாபம் தரும் பங்கீட்டைக் காணும் கணித முறையான நேரியல் நிரலாக்கம் தேவைப்படும். லெனின்கிராட்டில் ஒட்டுப்பலகை உற்பத்திக்கு இயந்திர நேரத்தைப் பங்கிடும் சிக்கலிலிருந்துதான் சோவியத் கணிதவியலாளர் கன்ரறோவிச் 1939 இல் அந்த முறையை வகுத்தார். 1975 இல் பொருளியலுக்கான நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். ஆகவே வர்த்தகம் படிக்கும் பிள்ளைக்குக் கணிதம் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி இடங்கொடுத்தால், 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் வியாபாரக் கற்கைகள் பீடம் நம் வட மாகாணத்திலேயே இருக்கிறது. பெறுபேறு வரும்வரை காத்திராமல் ஏ.ஏ.ரி. என்னும் கணக்கீட்டுத் தொழிற்பரீட்சைகளை இப்போதே தொடங்கலாம் என்பது என் எண்ணம். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் அந்தப் படிப்பு வீணாகாது.

அதற்கு முன், வருகிற வாரம் அவளை ஒரு கொப்பியுடன் மில்லில் இருத்தி, கழுவுவதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தையும் கழித்துத் திருத்திய தாளை எனக்கு அனுப்பட்டும்.