தாத்தாவின் பந்தலை வெட்டலாமா?

கேள்வி: பண்டாரவளைக்கு அருகே எங்களுக்கு அரை ஏக்கர் மரக்கறித் தோட்டம் உண்டு. ஸ்பெயினின் கட்டலோனியாவில் திராட்சைத் தோட்டமொன்றில் வேலை செய்து திரும்பியுள்ள என் தம்பி, அங்குள்ள அரிய பழைய இனங்களின் கொடித்துண்டுகளை வரவழைத்து, குடும்பமாக வைன் தயாரிக்கலாம் என்கிறான். அதற்கு இடம் வேண்டி, தாத்தா வைத்த பெயர் தெரியாத கறுப்புத் திராட்சைப் பந்தலை வெட்டச் சொல்கிறான். அப்பா மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பந்தலை வெட்ட வேண்டாம். தம்பியின் ஆசையில் பிழையில்லை. தொடங்க நினைக்கும் இடம்தான் பிழை.

அதே கட்டலோனியாவில், 1870இல் தொடங்கப்பட்ட தொரஸ் குடும்பத்தின் வைன் நிறுவனம், பிலொக்சரா என்ற வேர்ப்பூச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழித்ததுபோக எஞ்சிய கொடிகளைத் தேடி, 1980களில் உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, அடையாளம் தெரியாத கொடி வைத்திருக்கும் விவசாயிகளிடம் தகவல் கேட்டது. இவ்வாறு ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் மீட்கப்பட்டாலும், கர்ரோ, கெரோல், ஃபொர்காதா போன்ற சிலவே நல்ல வைனுக்கு ஏற்றவையாகத் தேறின. அவர்கள் உங்கள் ஊருக்கு வந்திருந்தால், முதலில் பார்க்கக் கேட்டிருப்பது தாத்தாவின் பந்தலைத்தான்.

தம்பி வரவழைக்க நினைக்கும் அந்தக் கொடிகள் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கிப் பழகியவை. நம் மலையில் அந்த உறக்கம் இல்லை. ஆகவே இலையைக் கழித்து, கவாத்து வெட்டி, நாமே கொடியை ஓய்வுக்கு அனுப்பி எழுப்ப வேண்டும். வெட்டியதிலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ நான்கு மாதமாகும். பண்டாரவளை அமைந்துள்ள ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் பூவும் பழமும் அமைய, மே மாதத் தொடக்கத்தில் வெட்டுவதே என் கணக்கு. ஒக்டோபர் மழையில் பழம் நின்றால் வெடித்து அழுகிவிடும். தேயிலைக்குக் கொப்புள நோயைத் தரும் அதே மூடுபனியும் ஈரமும் திராட்சை இலையில் அடிச்சாம்பல் நோயைக் கொண்டுவரும். தாத்தாவின் கொடி இவை அனைத்தையும் தாண்டி இன்னும் காய்க்கிறதென்றால், அதுவே பெரிய தகுதிச் சான்றிதழ்.

கொடித்துண்டுகளைப் பயணப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் எண்ணம் யாருக்காவது இருந்தால் உடனே தடுத்துவிடுங்கள். இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இறக்குமதி அனுமதி பெற வேண்டும். பிலொக்சராவும் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது அமெரிக்கக் கொடிகளோடுதான். வைன் தயாரிப்பதற்கோ, 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மதுவரித் திணைக்களத்தின் உரிமம் தேவை. அதைப் பெறும்வரை பழமாகவும் சாறாகவும் விற்கலாம்.

இப்போது செய்யக்கூடியது சிறிய வேலை. பந்தலின் இலையையும் குலையையும் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, இனத்தை அறிய வழி கேளுங்கள். அடுத்த கவாத்தில் விழும் துண்டுகளை எரிக்காமல், பென்சில் தடிப்புள்ளவற்றை நான்கு கண் வைத்து நறுக்கி நாற்றுப் பையில் ஊன்றுங்கள். அப்பாவிடம் லீக்ஸ் பாத்தி முழுவதையும் கேட்காமல், ஓரத்தில் இரண்டு வரிசை மட்டும் கேட்கும்படி தம்பியிடம் சொல்லுங்கள். சரியான அறுவடைக்கு மூன்று வருடமாவது ஆகும் என்பதையும் தம்பியே அவரிடம் சொல்லட்டும்.