பெட்டியில பேரு பின்னாடி சாயுது!

கேள்வி: நானும் என் நாத்தனாரும் அல்சூர்ல இட்லி மாவு அரைச்சு ஸ்கூட்டர்ல வீடு வீடா சப்ளை பண்றோம். லோகோ போட்ட பையன் தடியா, அகலமா, வலது பக்கம் சாஞ்ச இங்கிலீஷ் எழுத்துல பேரு போட்டுக் குடுத்தான், சூப்பரா இருந்துச்சு. அதையே தமிழ்லயும் கன்னடத்துலயும் கேட்டா மாவு புளிச்சுப் பொங்கி வழிஞ்ச மாதிரி இருக்கு. ஏன்?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: உங்க கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு. அந்த இங்கிலீஷ் ஃபான்ட்டை அகலமா சாஞ்சு நிக்கணும்னே ஒருத்தர் உக்காந்து வரைஞ்சிருப்பாரு, தமிழுக்கு உங்க பையன் நேரா இருந்த ஃபான்ட்டைப் பிடிச்சு பக்கவாட்டுல இழுத்து, அப்புறம் சாய்க்கிற பட்டனை ஒரு தட்டு தட்டியிருப்பான். இழுத்தா நெட்டுக்கோடு மட்டும் குண்டாகும், படுக்கைக்கோடு அப்படியே நிக்கும். சாய்ச்சா வட்டம் எல்லாம் ஒரு மூலையில நசுங்கும். இங்கிலீஷ்ல நேர்க்கோடு நிறைய, ஓரளவு தாங்கும். நமக்கு சுழிதானே எல்லாம்? மூணு சுழி ண ஏற்கெனவே அகலம், அதைத் தடியாக்கிச் சாய்ச்சா உள்ள இருக்க ஓட்டை அடைஞ்சு போயிடும், கன்னடத்துக்கும் இதே கதைதான். போர்டு எழுதுறவங்க பிரஷ்ல தமிழைச் சாய்ச்சு அழகா எழுதுவாங்க, ஆனா அவங்க ஒவ்வொரு வளைவையும் கையால சரி பண்ணிக்குவாங்க, பட்டனுக்கு அது தெரியாது.

என்னைக் கேட்டா இங்கிலீஷ் மட்டும் சாயட்டும். தமிழுக்கும் கன்னடத்துக்கும் மும்பையில ஃபான்ட் வரையிற ஏக் டைப் பண்ணுன அனேக் தமிழ், அனேக் கன்னடாங்கிற ஃபான்ட்டை எடுங்க, ஃப்ரீதான், வியாபாரத்துக்கும் போடலாம். தடிமன் 100ல இருந்து 800 வரை, அகலம் 75ல இருந்து 125 வரை ஏத்தி இறக்கலாம், ரெண்டையும் கடைசிக்குத் தள்ளிட்டா நீங்க கேட்ட அந்த கனம் வந்துரும்.

இன்னொண்ணு, ஸ்கூட்டர் பெட்டிக்கு வலது பக்கம் நின்னு பாத்தா வண்டி வலப்பக்கமாப் போகும், எழுத்தும் அந்தப் பக்கமே சாயும், சரி. இடது பக்கம் அதே எழுத்து வண்டிக்குப் பின்னால விழுற மாதிரி இருக்கும்! அதனால வலது பக்கம் இங்கிலீஷ், இடது பக்கம் நேரா நிக்கிற தமிழும் கன்னடமும் ஒட்டிப் பாருங்க. கடை போர்டு வைக்கிறப்போ மட்டும் கர்நாடகாவோட 2024 சட்டம் ஞாபகம் இருக்கட்டும், 60 சதவீதம் கன்னடம், அதுவும் மேல் பாதியில.

கேள்வி: சாஞ்ச எழுத்துக்கு இட்டாலிக்னு பேரு எப்படி வந்துச்சு?
– ஜெயநகர் வாசகர்

பதில்: இத்தாலில பொறந்ததால. 1501ல வெனிஸ்ல ஆல்டஸ் மனூட்டியஸ்னு ஒரு அச்சகக்காரர் கைக்கு அடக்கமா வர்ஜில் கவிதை புக் போட்டாரு, அதுக்கு அச்சு எழுத்தை வெட்டிக் குடுத்தது பிரான்செஸ்கோ கிரிஃபோ. ஒரு வார்த்தையை அழுத்திச் சொல்ல இல்ல, முழு புக்குமே அந்தச் சாஞ்ச எழுத்துதான். கேபிடல் மட்டும் நேரா நிக்கும். அப்போ அது ஒல்லியா நெருக்கமா இருந்துச்சு, இப்போ அல்சூர்ல மாவுப் பெட்டிக்கு அகலமா கேக்குறாங்க!