தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியர்கள் 'சம வேலைக்குச் சம ஊதியம்' கேட்டுப் போராடுகிறார்களே, தமிழ்நாட்டில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் எப்படி வந்தது?

எல்லாம் 1.6.2009 என்ற ஒரு தேதியில்தான் இருக்கிறது. ஆறாவது ஊதியக் குழுவை மாநிலம் ஏற்றுக்கொண்ட அரசாணை 234 அன்றுதான் வந்தது.

அதுவரை இடைநிலை ஆசிரியரின் ஊதிய விகிதம் 4500-125-7000; அதாவது தொடக்கம் 4,500, ஆண்டு உயர்வு 125, உச்சம் 7,000. பழைய விகிதத்தில் இருந்தவர்களைப் புதியதற்கு மாற்ற, அடிப்படை ஊதியத்தை 1.86-ஆல் பெருக்கினார்கள். 4,500 × 1.86 = 8,370. அதற்கு மேல் தர ஊதியம் (பதவியின் தரத்துக்கேற்பச் சேர்க்கும் நிலையான தொகை) 2,800, ஆக 11,170. ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்குப் பெருக்கப் பழைய ஊதியமே கிடையாதே! அதனால் 5200-20200 என்ற புதிய விகிதத்தின் அடிமட்டத்தில் வைத்தார்கள்: 5,200 + 2,800 = 8,000. அதே வகுப்பு, அதே பாடம், 3,170 ரூபாய் குறைவு.

இந்த 3,170-ஐ மட்டும் பார்த்து "இவ்வளவுதானா" என்பவர்கள் கணக்கைப் பாதியில் விடுகிறார்கள். ஆண்டு ஊதிய உயர்வு 3 சதவீதம் என்பதால் இடைவெளியும் கூடவே வளரும். ஆறு உயர்வுக்குப் பிறகு அது சுமார் 3,780. ஏழாவது ஊதியக் குழு அதை 2.57-ஆல் பெருக்கியதும் 9,700-ஐத் தாண்டிவிடுகிறது. இது அடிப்படையில் மட்டும். அகவிலைப்படி இதன் மேல் சதவீதமாக ஏறும்.

இரண்டு கோரிக்கைகளைப் பலரும் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, மாநிலத்துக்குள்ளேயே இருக்கும் இந்த 2009 முரண்பாடு. மற்றொன்று, மத்திய அரசுக்கு இணையான ஊதியம். மத்திய அரசின் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் முன்பு அதே 4500-7000தான். ஆறாவது குழுவில் 9300-34800, தர ஊதியம் 4,200 என்று மேலே போய்விட்டார். இன்று அங்கே தொடக்க ஊதியம் 35,400, இங்கே 20,600. இரண்டாவதற்குச் செலவு பல மடங்கு. முதலாவதை அதனோடு கட்டி வைத்து "நிதி இல்லை" என்று சொல்வது நியாயமில்லை.

தீர்வு என்று சிறப்புப் படி கொடுத்தால் வேலைக்கு ஆகாது. படி அடிப்படை ஊதியத்தில் சேராது. ஆண்டு உயர்வும் அகவிலைப்படியும் பழைய தொகைக்கே கணக்காகும். நேரான வழி, பணியில் சேர்ந்த நாளிலிருந்து 8,370-இல் கருத்தியலாக, அதாவது கணக்கில் மட்டும், ஊதியம் நிர்ணயித்து, அதற்கான புதிய அரசாணை வரும் நாளிலிருந்து பணப்பயன் தருவது. நிலுவைத் தொகை கைக்கு வராது, ஆசிரியருக்கு அது இழப்புதான். ஆனால் அரசுக்கு இது பழக்கமான முறை: ஆறாவது குழுவை 1.1.2006 முதல் கருத்தியலாகவும் 1.1.2007 முதல் பணமாகவும் கொடுத்தது. ஏழாவதில் 1.1.2016 கருத்தியல், 1.10.2017 பணம்.