பல்லுக்கு கிளிப் போட்ட ஆக்களின்ர கேள்விகள்: நனோ கோட்டிங் உதவுமோ?

கேள்வி (கொக்குவில்): அக்கா, மகளுக்கு கிளிப் போட்டு ஒரு மாசம்தான், பிறக்கற்றை, அதுதான் கம்பியைப் பிடிக்கப் பல்லில ஒட்டுற சின்னத் துண்டை, சுத்தி வெள்ளையா தெரியுது. கறையோ?

பதில்: கறை இல்லை தங்கச்சி. பிறக்கற் ஓரத்தில சாப்பாடு ஒட்டி நிண்டா ஸ்ரெப்ரோகொக்கஸ் மியூட்டன்ஸ் எண்ட பக்ரீரியா அந்தச் சீனியில இருந்து அசிட் விடும், பிஎச் (புளிப்பின்ர அளவு, குறையக் குறைய புளிப்பு கூட) 5.5க்குக் கீழ போனா பல்லின்ர வெளிப்படையான எனாமல் கரையத் தொடங்கும், 4 கிழமையிலயே வெள்ளையா தெரியலாம். ஓட்டை விழ முதல் கண்டிட்டீங்கள், அது நல்லது. அடுத்த அப்பொயின்மென்ட் மட்டும் பார்த்துக்கொண்டிராம இப்பவே கொண்டுபோய்க் காட்டுங்கோ, புளோரைட் வார்னிஷ் பூசுறதோ எண்டு டொக்டர் சொல்லுவார்.

கேள்வி (திருநெல்வேலி): பக்ரீரியாவைக் கொல்ல பிறக்கற்றுக்கும் கம்பிக்கும் மிகச் சின்னத் துகளால பூசுற நனோ கோட்டிங்கில சில்வர், ரைற்றேனியம் எண்டு கனக்கச் சொல்லுகினம், எது திறம்?

பதில்: தம்பி, சில்வர் துகளை 100 நனோமீற்றருக்கும் சின்னனாக்கினா அதே நிறைக்கு மேற்பரப்பு கூட, அதால சில்வர் அயன் (மின்னேற்றம் உள்ள சில்வர் அணு) கூடுதலா வெளிய வரும், அது பக்ரீரியாவின்ர சவ்வைப் பழுதாக்கி உள்ள இருக்கிற புரதங்களையும் பிடிச்சிடும். ரைற்றேனியம் டயொக்சைட் பக்ரீரியாவைக் கொல்ல வெளிச்சம் வேணும், அதுவும் யூவி எண்ட புற ஊதா வெளிச்சம், அதுதான் நைதரசன் சேர்த்து சாதாரண வெளிச்சத்திலயும் வேலை செய்ய வைக்கப் பாக்கினம், ஆனா மூடின வாய்க்குள்ள கடைவாய்ப் பல்லுக்கு எங்கால வெளிச்சம்? என்னைக் கேட்டா சிங்க் ஒக்சைட்டையும் கவனிக்கோணும், கம்பிக்குப் பூசினா உராய்வும் குறையுது எண்டு ஆய்வுகளில கண்டிருக்கினம்.

கேள்வி (சுன்னாகம்): அப்ப பிறஷ் பண்ணுறதைக் குறைக்கலாமோ?

பதில்: இல்லை, ஒரு நாளும் இல்லை.

கேள்வி (மானிப்பாய்): இந்தக் கோட்டிங் பிள்ளையின்ர வாய்க்குள்ள கிடந்தா பிரச்சினை இல்லையோ அக்கா?

பதில்: நியாயமான பயம். அளவு கூடினா பக்ரீரியாவைக் கொல்லுற அதே அயன் முரசின்ர கலங்களையும் தாக்கும். குறைச்சுப் போட்டா கொஞ்ச நாளில வேலை நிண்டிடும், கடிக்கேக்கயும் பிறஷ் பண்ணேக்கயும் கோட்டிங் தேயவும் செய்யும். பிறக்கற் ஒட்டுற பசைக்குள்ள இந்தத் துகளை அளவுக்கு மிஞ்சிக் கலந்தா பிடிமானம் குறைஞ்சு பிறக்கற் கழண்டு விழலாம். இதில பெரும்பாலான ஆய்வு லாப்பில நடந்ததுதான், வாய்க்குள்ள ரெண்டு வருசம் கிடந்து நிண்டு பிடிக்கோணுமே.

கேள்வி (வல்வெட்டித்துறை): கொழும்புக்குப் போய் இந்தக் கோட்டிங் உள்ள கிளிப்பைத் தேடிப் போடுறது பிரயோசனமோ?

பதில்: வேண்டாம் அண்ணை, அந்தக் காசில 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில ஒரு பங்கு எண்ட அளவு) குறையாத புளோரைட் பேஸ்ட்டும் பிறக்கற் இடுக்குக்குள்ள போற சின்ன பிறஷும் வாங்கிக் குடுங்கோ. பிளேன்ரீக்கு பனங்கட்டி கடிக்கிறதை நாள் முழுக்க இழுக்காம ஒரு நேரத்தோட நிப்பாட்டுங்கோ, குடிச்ச உடன வாய் கொப்புளிக்கச் சொல்லுங்கோ.