வாசகர் கேள்விகள்: கண்டல் கன்றுகள் ஏன் பட்டுப்போகின்றன?

வாசகி, கிண்ணியா: எங்கள் மாதர் சங்கமும் மீனவர் சங்கமும் சேர்ந்து களப்போரச் சேற்றில் இரண்டு தடவை கண்டல் நட்டோம். முதலில் துளிர்த்தது, அடுத்த வருடம் குச்சிதான் மிச்சம். காய் பிழையா, சேறு பிழையா?

இரண்டுக்கும் முன்னால் நிலத்தின் மட்டத்தைச் சந்தேகியுங்கள். ஒரு மரமும் தானாக வராத வெறுஞ்சேறு பெரும்பாலும் தண்ணீர் வடியாத இடம். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பற்றிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் தேறியது 200 சொச்சம். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. எத்தனை பேரின் உழைப்பு!

நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. அதனால் ஒரு சாண் தாழ்ந்தாலே கன்று மூழ்கியே கிடக்கும். தண்டில் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) பாசியும் ஏறிச் சாய்த்துவிடும். காற்றில்லாத காலையில், அடையாளமிட்ட மூங்கிலோடு போங்கள். அருகே நன்றாக நிற்கும் கண்டல்களில் மிகத் தாழ்வான மரத்தடியில் ஆழத்தை அளந்து, உடனேயே நடப்போகும் இடத்திலும் அளவுங்கள். மரத்தடியில் 20 சென்ரிமீற்றர், உங்கள் இடத்தில் 50 என்றால் அங்கே நடாதீர்கள்.

மேட்டு நிலம் காய்ந்து கிடந்தால், வீதி மதகு தூர்ந்திருக்கிறதா, பழைய இறால் பண்ணை வரம்பு தண்ணீரை மறிக்கிறதா என்று பாருங்கள். அதைத் திறப்பதுதான் முதல் வேலை. களப்போரம் பெரும்பாலும் அரச காணி. வன இலாகாவிடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் அனுமதி எடுத்த பிறகே கை வையுங்கள். தாய்மரம் கிட்ட இருந்தால் ஒரு மாரி பொறுத்திருங்கள். தண்ணீரே விதை கொண்டுவரும். வராத இடத்தில் மட்டும் நடுங்கள்.

முருங்கைக்காய் போலத் தொங்கும் கண்டல் காயில், தலைப்பக்கம் மஞ்சள் வளையம் தெரிந்தால்தான் முற்றியது. தொட்டதும் கழன்று வரவேண்டும். இழுத்துப் பிடுங்கியது வேர் விடாது. கூர்முனை கீழே இருக்க, நீளத்தில் மூன்றிலொரு பங்கைச் சேற்றில் செருகி, கன்றுக்குக் கன்று 1 மீற்றர் விடுங்கள். உப்புப் பூத்த தரவையில் கண்டல் தாங்காது, அங்கே கண்ணா என்ற சதுப்பு மரம்தான். அதன் விதையை ஓரிரவு ஊறவைத்தால் தோல் கழன்றுவிடும். ஆழப் புதைக்காமல் சேற்றின் மேலேயே பதியுங்கள்.

மாடும் ஆடும் கண்ணாத் தளிரை விடவே விடா. வேலி இல்லாமல் நடுவது வீண்வேலை.

வாசகர், மூதூர்: இந்தோனேசியக் கிராமங்களில் காட்டை மீட்கக் கால்வாயை மறிக்கிறார்களாமே?

ஆம். அங்குள்ள நிலம் மக்காத இலைதழை மீற்றர் கணக்கில் தேங்கிய முற்றா நிலக்கரிச் சதுப்பு. கால்வாய் வெட்டி வடித்ததும் அது காய்ந்து அமிழ்ந்தது, தீப்பிடித்தது; 2015இல் பெருந்தீ. நீர்மட்டம் மேற்பரப்பிலிருந்து 40 சென்ரிமீற்றருக்குக் கீழே போகக்கூடாது என்று 2014இலேயே விதி வந்திருந்தது.

கால்வாய்க்குக் குறுக்கே இரண்டு வரிசை மரக்கம்பு இறுக்கி, நடுவே மண்மூட்டை அடைத்து, இரு கரைக்குள்ளும் நீட்டிக் கட்டுகிறார்கள். நடுவில் நம் குளத்து வான் போலத் தாழ்வு விடவேண்டும். ஒரே பெரிய அணை நிற்காது. அந்த மண் பஞ்சு மாதிரி, தண்ணீர் பக்கவாட்டில் அரித்துக்கொண்டு போய்விடும். சின்னச் சின்னதாக அடுத்தடுத்துப் பல கட்டினால் ஒவ்வொன்றும் தாங்கும் பாரம் குறைவு. துளையிட்ட பீவீசீ குழாயை நிலத்தில் இறக்கி, அதற்குள் குச்சி விட்டு நீர்மட்டம் பார்க்கிறார்கள்.