வாசகர் கேள்வி பதில்: கம்பஸும் ஜி.பி.ஏ.யும்

கேள்வி: உயர்தரத்தில் இரண்டு ஏ, ஒரு பி. முதல் செமஸ்டரில் ஜி.பி.ஏ. (பாடங்களின் தரப்புள்ளிச் சராசரி) 1.90தான். நோட்ஸை மூன்று தரம் வாசித்தேன், பரீட்சை மண்டபத்தில் ஒன்றும் வரவில்லை. எல்லாம் ஆங்கிலம். இனி பட்டத்தில் கிளாஸ் (வகுப்புச் சித்தி) எடுக்க முடியுமா?
– மாணவி, உப்புவெளி

பதில்: முதலில் கணக்கு. கிரெடிட் என்பது பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு. செமஸ்டரின் 15 கிரெடிட்டுக்கு 1.90 என்றால், இரண்டையும் பெருக்கக் கையில் 28.5 புள்ளி. நான்கு வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட். இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுக்கு 3.00 கேட்டால் மொத்தம் 360 புள்ளி வேண்டும். மிச்சமுள்ள 105 கிரெடிட்டில் சராசரி 3.16 எடுக்க வேண்டிவரும். பி-யும் பி பிளஸும் கலந்து வந்தால் சரி. எட்டாத உயரமில்லை. உங்கள் பீடம் முதல் வருடத்தை வகுப்புக்குச் சேர்க்கிறதா என்பதைக் கையேட்டில் பாருங்கள். சேர்க்காவிட்டால் கணக்கு இன்னும் இலகு.

ஆனால் றிப்பீட்டை நம்பி இருக்காதீர்கள். பெரும்பாலான பீடங்களில் மீள்பரீட்சையில் எவ்வளவு எழுதினாலும் சி-க்கு மேல் தரமாட்டார்கள். அது வரும்போது அடுத்த வருடப் பாடங்களும் தலையில் ஏறியிருக்கும்.

இனி அந்த மூன்று தர வாசிப்பு. திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்ததுபோலத் தோன்றும், அவ்வளவுதான். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் செய்த சோதனையில், ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, வாசிப்பதை விட்டுத் தங்களைத் தாங்களே சோதித்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆகவே விரிவுரை நடந்த அன்றிரவே நோட்ஸை மூடி, வெற்றுத் தாளில் பத்து நிமிடம் ஞாபகத்திலிருந்து எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பில் திருத்துங்கள். மூன்று நாளிலும் ஒரு கிழமையிலும் அதையே திரும்பச் செய்யுங்கள்.

ஆங்கிலத்துக்கும் மருந்து இதுதான். தமிழில் விளங்கிக்கொள்ளுங்கள், விடையை ஆங்கிலத்தில் கையால் எழுதிப் பழகுங்கள். குப்பிக்கு (சீனியர் மாணவர் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு) போவது நல்லது, ஆனால் சீனியர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் அதுவும் இன்னொரு விரிவுரைதான். பாஸ்ட் பேப்பர் கேள்வி ஒன்றை நீங்களே எழுதி, அதைக் கொண்டுபோய்த் திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி ஹோட்டலில் வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு வரை வேலை கிடைக்கிறது. படிப்பைப் பாதிக்குமா?
– மாணவன், சாம்பல்தீவு

பதில்: பாதிக்கும். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட்டுக்கு 50 மணி நேரம். 15 கிரெடிட் எடுத்தால் 750. அதை 15 கிழமைக்குப் பிரித்தால், விரிவுரையும் சேர்த்துக் கிழமைக்கு 50 மணி. மூன்று நாள் வேலைக்கு அதில் இடமில்லை; சனிக்கிழமை மட்டும் கேட்டுப் பாருங்கள். உங்கள் பீடம் 80 வீத வரவு கேட்டால், கிழமைக்கு ஒருமுறை நடக்கும் 15 வகுப்பில் மூன்றைத்தான் விடலாம். இரவு வேலை முடித்துத் தூங்கிப்போகும் திங்கட்கிழமைகள் ஒரு மாதத்திலேயே அந்த மூன்றையும் தின்றுவிடும்.

கேள்வி: வேறு மாவட்டத்தில் முதல் வருடம் படிக்கும் மகள் வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று அழுகிறாள். என்ன செய்வது?
– தாய், மூதூர்

பதில்: முதலில் காரணத்தைப் பிரியுங்கள். படிப்பா, காசா, பகிடிவதையா, துணையின்மையா? மாணவர் இடைவிலகலை ஆராய்ந்த வின்சென்ட் டின்டோ 1975இலேயே சொன்னது, பாடத்தோடும் அங்குள்ள மனிதரோடும் ஒட்டாமல் போவதும் விலகலுக்குக் காரணம் என்று. காசென்றால் மகாபொல புலமைப்பரிசிலும் பேர்சரி என்ற உதவித்தொகையும் உண்டு. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் முறையிடலாம். துணையின்மைதான் என்றால், ஒரே பாடத்தில் இரண்டு கூட்டாளிகள் கிடைத்தாலே பாதி அழுகை நிற்கும்.

விலகல் கடிதத்தில் மட்டும் இப்போது கையெழுத்து வைக்க விடாதீர்கள். ஒருமுறை பதிவு செய்தவருக்கு மறுபடி இசட் புள்ளியில் (அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளியில்) வேறு இடம் கிடைப்பது மிகக் கடினம். சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் நின்றாலும் இடம் போய்விடும். மாணவ ஆலோசகரைச் சந்தித்து, பீடாதிபதிக்கு எழுத்தில் தற்காலிக விடுப்புக் கேளுங்கள். நோய் என்றால் மருத்துவச் சான்றிதழைக் கையேட்டில் சொன்ன நாளுக்குள் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்ட நகலொன்றை வாங்கி வைத்திருங்கள்.