முள்ளும் கம்பியும் கிடக்கும் சாலைக்கு எந்த சைக்கிள் டயர்?

கேள்வி: தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். ரோட்டில் வழுக்கக் கூடாது, நீண்ட நாள் உழைக்க வேண்டும், அடிக்கடி பஞ்சரும் ஆகக் கூடாது. எந்த டயர் வாங்கலாம்?

பதில்:

நீங்கள் கேட்கும் மூன்றும் ஒரே டயரில் முழுசாகக் கிடைக்காது. ரோட்டைப் பிடிக்க ரப்பர் மிருதுவாக இருக்க வேண்டும். நீண்ட நாள் உழைக்க அதே ரப்பர் கடினமாக இருக்க வேண்டும். பஞ்சர் ஆகாமல் இருக்க ரப்பருக்கு அடியில் தடிமனாக ஒரு காப்புப் பட்டை வேண்டும். அது வந்தால் எடை கூடும், மிதிக்கக் கனக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை நீங்கள் போகிற சாலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர வேண்டியவர் நீங்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: பஞ்சரை முதலில் பாருங்கள், பிடிமானத்தை அடுத்ததாகப் பாருங்கள், வேகத்தைக் கடைசியில் வையுங்கள். பந்தய சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுடைய தேவை வேறு, அதைத் தப்பு என்று சொல்லவில்லை.

நான் தூத்துக்குடி. முத்தையாபுரம் பக்கம் ஓர் உப்பு வியாபாரியின் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். போக வர 18 கிலோமீட்டர். வழியெல்லாம் உப்பளமும் உடைமுள்ளும்தான். மற்ற ஊர்களில் சீமைக் கருவேலம், வேலிக்காத்தான் என்பார்கள். ரோட்டோரம் வெட்டி ஒதுக்கிவிட்டு, வெட்டிய கிளையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காய்ந்த உடைமுள் செருப்பையே துளைத்துக்கொண்டு காலில் ஏறும், சைக்கிள் டயர் எம்மாத்திரம்? இது போதாதென்று துறைமுகத்துக்குப் போகிற லாரிகள். அந்த லாரி டயருக்குள் இரும்புக் கம்பி நெய்திருக்கும். டயர் வெடித்தோ தேய்ந்தோ உரியும்போது அந்தக் கம்பி தூள் தூளாக ரோட்டோரத்தில் சிதறும். லாரிக்கு ஒதுங்கி நாம் ஓட்டுவதும் அதே ஓரத்தில்தான்.

மூன்று வருஷம் முன்னால், நவம்பர் மழையில், ஒரே வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று தடவை பின் சக்கரம் காற்று இறங்கியது. மழை நாளில் பஞ்சர் கூடுதலாக ஆகும். ஈரம் பட்ட ரப்பரில் கண்ணாடியும் முள்ளும் சுலபமாக இறங்கிவிடும். முதல் தடவை வழியில் ஒரு கடையில் ஒட்டினார்கள். இரண்டாம் தடவை இன்னொரு கடையில் ட்யூப்பையே மாற்றினார்கள். மூன்றாம் தடவை சாயங்காலம் ஆறரை மணி, தூறல், கடை எதுவும் திறந்திருக்கவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு பெண் அந்த நேரத்தில் அந்த ரோட்டில் தனியாக சைக்கிள் தள்ளிக்கொண்டு வருவது எப்படி இருக்கும் என்று வந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த வாரம் இரண்டு நாள் அலுவலகத்துக்குத் தாமதம், அரை நாள் சம்பளம் போனது. "பேசாம ஒரு ஸ்கூட்டி வாங்குங்களேன்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "யம்மா, ட்யூப்ப மாத்துனாவ, சரி. டயருக்குள்ள கைய விட்டுப் பாத்தாவளா?"

யாரும் பார்க்கவில்லை. ட்யூப்புக்குக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தை வால்விலிருந்து ஒன்றரைச் சாண் என்று அளந்தார். அதே அளவுக்கு டயரிலும் அளந்தார். கையை நேரே விடாமல் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் பஞ்சு மாட்டி நூலாக நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே தெரியவில்லை. டயரை உள்வெளியாக மடக்கிக் குறடால் பிடித்து இழுத்தார். அரிசி நீளத்துக்கு, தலைமுடிக் கனத்தில் ஒரு கம்பி. அதுதான் மூன்று தடவையும் குத்தியது. புது ட்யூப்பைப் போட்டு அதே கம்பி மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பியைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன், இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆகவே புது டயருக்குச் செலவு செய்யும் முன் உங்கள் பழைய டயரைக் கழற்றிப் பஞ்சை விட்டுப் பாருங்கள். ட்யூப்பில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளைக் குறை சொல்லாதீர்கள். காற்று குறைவாக இருந்து, பள்ளத்தில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், டயரை மாட்டும்போது அதில் எழுதியிருக்கும் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டச் சொல்லுங்கள். அடுத்த தடவை ட்யூப்பில் ஓட்டை இருக்கும் இடத்தை வைத்து டயரில் குத்திய இடத்தை உடனே கண்டுபிடிக்கலாம்.

இனி டயருக்கு வருகிறேன். முதலில் ஒரு பெரிய கடையில், கட்டை கட்டையாக ரப்பர் நிற்கிற மலை சைக்கிள் டயர்தான் நன்றாகப் பிடிக்கும் என்று தந்தார்கள். நான்கு மாதம் ஓட்டினேன். மண்ணிலும் சேற்றிலும் பிடித்தது உண்மை. தார் ரோட்டில் அந்தக் கட்டைகளின் தலை மட்டும்தான் தரையில் படுகிறது, வளைவில் அவை நெளிகின்றன, நடுவில் சீக்கிரம் தேய்கின்றன. முள்ளும் கட்டைகளுக்கு நடுவில் மெலிந்திருக்கும் இடமாகப் பார்த்து ஏறியது. மழையில் தண்ணீரை ஒதுக்கப் பள்ளம் வேண்டாமா என்று கேட்பார்கள். அது காருக்கு. சைக்கிள் டயர் ஒடுக்கமாக, உருண்டையாக இருப்பதால் தண்ணீரைத் தானே பிதுக்கிவிடும். தண்ணீர் மேல் மிதந்து வழுக்க மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். நம்மை வழுக்கி விடுவது ஈரமான வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, ரோட்டில் படிந்த மணல். எங்கள் பக்கம் லாரியிலிருந்து சிந்தும் உப்பும் உண்டு. அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வழி, டயரில் பூ வேலை இருந்து பயனில்லை.

கடைசியில் நான் வாங்கியது ஷ்வால்பே என்ற ஜெர்மன் கம்பெனியின் மாரத்தான் பிளஸ் டயர், அளவு 37-622 (37 டயரின் அகலம், 622 டயர் ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில்). ரப்பருக்கு அடியில் 5 மில்லிமீட்டர் தடிமனில் நெகிழ்வான ஒரு பட்டை இருக்கிறது. முள் மேல் ரப்பரைத் துளைத்தாலும் இந்தப் பட்டையைத் தாண்டி ட்யூப் வரை எட்டுவது கஷ்டம். எனக்கு யாரும் காசு தரவில்லை, நான்தான் இரண்டு டயருக்கும் சேர்த்து 7,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். இரண்டரை வருஷத்தில் கிட்டத்தட்ட 12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஒரே ஒரு பஞ்சர். அதுவும் பட்டை இல்லாத பக்கவாட்டில் ஒரு தகரம் கிழித்தது.

அந்தத் தகரம் எங்கே கிடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். வாசலில் கார் நிற்கலாம், பைக் நிற்கலாம், சைக்கிள் மட்டும் நிற்கக் கூடாதாம். கட்டடத்துக்குப் பின்னால், பழைய தகரமும் உடைந்த ஓடும் கொட்டிக் கிடந்த இடத்தைக் காட்டினார் காவலாளி. அவரைக் குறை சொல்லவில்லை, மேலே இருப்பவர்கள் சொன்னதைத்தான் அவர் செய்கிறார். ஆனால் நானும் அதே கடையில் அதே காசைக் கொடுத்துத்தான் துணி எடுக்கிறேன். சைக்கிளில் வருகிறவர் வாடிக்கையாளர் இல்லையா? இதைக் கேட்கப் போனால் எழுதிக்கொண்டே இருப்பேன்.

அவ்வளவு விலை முடியாது என்றால் அதில் தப்பில்லை. பின் சக்கரத்துக்கு மட்டும் தடித்த டயர் போடுங்கள். எடை அதிகம் விழுவதும், சீக்கிரம் தேய்வதும் பின் சக்கரம்தான். ஆனால் முன் டயரும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் விழுவதுதான். பழைய டயரை அறுத்து உள்ளே வைப்பதைப் பல கடைகளில் செய்வார்கள். அதுவும் முள்ளைத் தடுக்கும், ஆனால் வெட்டிய முனை உரசியே ட்யூப் ஓட்டையாகும். முனையைச் சீவி மெலிதாக்கி வைக்கச் சொல்லுங்கள். காற்றே இல்லாத கட்டி ரப்பர் டயரை மட்டும் நான் சொல்ல மாட்டேன். பஞ்சர் ஆகாது, வாஸ்தவம். ஆனால் ஒவ்வொரு மேடு பள்ளமும் நேராக முதுகில் இறங்கும், ஈர ரோட்டில் பிடிமானமும் குறைவு.

காற்றைக் கல் மாதிரி அடிக்க விடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு முதல் எவ்வளவு வரை என்று எழுதியிருக்கும். 62 கிலோ எடை உள்ள நான் முன்னால் 55, பின்னால் 65 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைக்கிறேன், வாரம் ஒரு தடவை பார்க்கிறேன். அதற்கு மேல் அடித்தால் சரளைக் கல்லில் சக்கரம் துள்ளும், பிடிப்பு போய்விடும்.

வாங்கும் முன் அளவைச் சரியாகப் பாருங்கள். "28 இஞ்ச்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். நம் ஊர்ப் பழைய பெரிய சைக்கிளின் 28 இஞ்ச்சில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இப்போது வரும் 700சி சக்கரத்தையும் 28 இஞ்ச் என்றே சொல்வார்கள், அதற்கு 622. 13 மில்லிமீட்டர்தானே என்று பெரிய டயரைச் சின்ன ரிம்மில் மாட்டினால் காற்றடிக்கும்போதே ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும். ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தத் தடித்த டயரை மாட்டுவது சிரமம். அண்ணாச்சிக்கே முதல் தடவை அரை மணி நேரம் ஆனது, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவித்தான் ஏற்றினார். ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப விடாதீர்கள், ட்யூப் கிழியும்.

உங்கள் டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண், உங்கள் எடை, போகிற ரோட்டில் அதிகம் கிடப்பது முள்ளா கண்ணாடியா கம்பியா, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். அண்ணாச்சியிடமும் கேட்டுவிட்டு வந்து பதில் போடுகிறேன்.